முதல் அரை அங்குலம்: மூணாறில் அறுந்த ஒரு நூலும், அதன் பிறகு வாங்கிய ஒரு ரீலும்

ஜனவரி மாதத்தில் மூணாறில் பனி உறைந்த ஒரு காலை. புல் முழுக்க உப்புத் தூவினாற்போல வெள்ளையாகக் கிடந்தது. தோட்டத்து அணைக்குளத்தின் கரையில் மாப்பிள்ளை தூண்டிலோடு நின்றிருந்தார். மாப்பிள்ளை என்றால் என் தங்கை வீட்டுக்காரர். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம். இரண்டு வருடமாக ஃப்ளை ஃபிஷிங் பழகுகிறார். மாதம் ஒரு தடவையாவது போடிமெட்டு ஏறி வந்துவிடுவார்.

ஒன்பது மணி வாக்கில் வெயில் தண்ணீரைத் தொட்டது. பத்து நிமிடத்தில் ஒரு ட்ரவுட் மீன், முள்ளில் கட்டியிருந்த பொய் ஈயை எடுத்தது. ராடு, அதாவது தூண்டில் கோல், வளைந்தது, மீன் திரும்பியது, கையில் இருந்த தளர்வு நூல் ஓடி முடிந்தது. நூல் சுற்றியிருக்கும் ரீல் சுற்ற ஆரம்பிக்க வேண்டிய அந்த நொடியில் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். ராடு நிமிர்ந்துவிட்டது. நான் பார்த்தது மீனின் முதுகை மட்டும். ஒரு கிலோவுக்குக் குறையாது.

“மச்சான், இந்த ரீல் சரியில்ல. நல்லதா ஒண்ணு வாங்கணும். விலையப் பத்திக் கவலைப்படாதீங்க, எதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றார் மாப்பிள்ளை.

கூட வந்த நண்பர் முடிச்சுதான் தப்பு என்றார். வாட்சர் அண்ணன், மீன் பெரிசு, நூல் மெலிசு, அறுகத்தான் செய்யும் என்றார். மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள். மூணாறு பஜாரில் எனக்குச் சின்னதாக ஒரு பட்டறை இருக்கிறது. தையல் மெஷின், மருந்து தெளிப்பான், பம்பு, கடிகாரம் எல்லாம் பிரித்துச் சேர்ப்பதுதான் பிழைப்பு. ஒரு சாமான் ஏன் கெட்டது என்று தெரியாமல் புதுசு வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. அதனால் ரீலையும், அறுந்த நூலின் நுனியையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த இரண்டு வாரத்தில் பார்த்ததும் அளந்ததும்தான் இங்கே எழுதியிருப்பது.

இந்தத் தூண்டிலில் ரீலுக்கு என்ன வேலை

பழக்கமில்லாதவர்களுக்காக இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நூலை இழுத்துக்கொண்டு போய் விழும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும் சுற்றிய ஒரு பூச்சி உருவம், ‘ஈ’. அதற்கு எடையே கிடையாது. அதனால் எடையை நூலிலேயே வைத்துவிட்டார்கள். தடித்த, வழவழப்பான அந்த நூலுக்கு லைன் என்று பெயர், எண் போட்டு விற்கிறார்கள். 5 எண் லைன் என்றால் முதல் 30 அடியின் எடை 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். அந்த 9 கிராமை முன்னும் பின்னும் வீசித்தான் ஈயைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

வீசுவதில் ரீலுக்குப் பங்கே இல்லை. சின்ன மீன் மாட்டினால் கையாலேயே நூலை இழுத்துக்கொள்ளலாம், அப்போதும் ரீல் வெறும் நூல்கண்டுதான். ரீலுக்கு உண்மையான வேலை வருவது ஒரே ஒரு நேரத்தில்: கையால் பிடிக்க முடியாத மீன் ஓடும்போது. அப்போது ரீல் நூலை விட வேண்டும், ஆனால் சும்மா விடக்கூடாது; ஒரே சீரான இழுப்போடு விட வேண்டும். அந்த இழுப்பைக் கொடுக்கும் பிரேக்குக்கு டிராக் என்று பெயர்.

லைனின் முன்னால் லீடர் என்ற இணைப்பு நரம்பு, அதன் முனையில் டிப்பெட் என்ற மெல்லிய நரம்பு. டிப்பெட்டுக்கு 4எக்ஸ், 5எக்ஸ் என்று எண். அதில் ஒரு சுலபக் கணக்கு உண்டு: எக்ஸ் எண்ணை 11-லிருந்து கழித்தால் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். மாப்பிள்ளை கட்டியிருந்தது 5எக்ஸ். 11-இல் 5 போனால் 6, ஆக 0.006 அங்குலம், மில்லிமீட்டரில் 0.15. தலைமுடியை விட இரண்டு மடங்கு தடிமன் இருந்தால் அதிகம். அது தாங்கும் இழுப்பு சுமார் 2 கிலோ. முடிச்சுப் போட்டால் அதுவும் கொஞ்சம் குறையும்.

முதலில் நுனி

பட்டறையில் லென்ஸை வைத்துப் பார்த்தது அறுந்த நுனியை. முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருந்தால் நுனி வெற்றிலைக் கொடியின் தளிர் மாதிரி சுருண்டிருக்கும். பாறையில் உரசி அறுந்திருந்தால் நுனிக்கு மேலே ஒரு விரற்கடை தூரம் சொரசொரப்பு இருக்கும், நகத்தால் தடவினாலே தெரியும். இதில் இரண்டும் இல்லை. லீடரோடு சேர்ந்த முடிச்சின் வாயில், நேராக, சற்று இழுபட்டு மெலிந்து அறுந்திருந்தது. அதாவது முடிச்சு முடிச்சாகவே நின்றிருக்கிறது, அதன் பலத்துக்கு மேல் இழுப்பு வந்திருக்கிறது. நண்பர் சொன்ன காரணம் அதோடு விலகியது.

ஒரு கிலோ மீன் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இழுப்பைக் கொடுக்குமா? ராடு வளைந்து கொடுக்கிறது, லைன் தண்ணீரில் கிடக்கிறது, ரீல் விட்டுக்கொடுக்கிறது. இத்தனையும் ஒழுங்காக வேலை செய்தால் கொடுக்காது. அப்படியானால் இவற்றில் ஒன்று வேலை செய்யவில்லை.

பிரித்தபோது

செய்தித்தாளை விரித்து ரீலை அதன் மேல் பிரித்தேன். நூல் சுற்றும் உருளையான ஸ்பூலைக் கழற்றியதுமே வாசனை வந்தது. பைக் சக்கரத்தின் பேரிங்குக்கு வைக்கிற கிரீஸ். தேன் நிறம், விரலால் தொட்டு இழுத்தால் நூல் மாதிரி நீண்டு வந்தது. தட்டுகளுக்கு நடுவில், பேரிங்கில், கிளட்சில் எல்லா இடத்திலும் அப்பியிருந்தது. மாப்பிள்ளையிடம் போனில் கேட்டேன்.

“ஆமா மச்சான், போன மழையில நனைஞ்சிருச்சேன்னு நம்ம பய ஒருத்தன்கிட்ட குடுத்தேன். மெக்கானிக்குதான், நல்லா போட்டுக் குடுத்தான்.”

நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான். ஆனால் டிராக் என்பது உராய்வால் வேலை செய்கிற பொருள். இந்த ரீலில் கார்பன் தட்டும் ஸ்டீல் தட்டும் ஒன்றோடொன்று அழுந்தி உரச வேண்டும். அந்த இடைவெளியில் கெட்டி கிரீஸ் புகுந்தால் இரண்டு தட்டும் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் இளகிச் சுற்றும், குளிரில் இறுகிப் பிடிக்கும்.

பள்ளிக்கூடத்தில் நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று படித்திருப்போம். நின்றுகொண்டிருக்கும் பெட்டியை நகர்த்த ஆரம்பிக்க ஒரு பலம் வேண்டும், நகர ஆரம்பித்த பின் தொடர்ந்து நகர்த்த அதைவிடக் குறைவான பலம் போதும். ரீலிலும் அப்படித்தான். நின்றிருக்கும் ஸ்பூல் அசையத் தொடங்கும் முதல் அரை அங்குலத்துக்கு ஒரு இழுப்பு, ஓட ஆரம்பித்த பின் வேறு இழுப்பு. நூல் அறுவது பெரும்பாலும் அந்த முதல் அரை அங்குலத்தில்.

அளந்துவிடலாம் என்று மாப்பிள்ளையின் கடையிலிருந்தே ஒரு ஸ்பிரிங் தராசு வரவழைத்தேன். டிராக்கின் திருகை அவர் வைத்திருந்த இடத்திலேயே, கொஞ்சமும் மாற்றாமல் வைத்து இழுத்தேன்.

பகலில் பட்டறைக்குள், ஸ்பூல் அசையத் தொடங்க 900 கிராம். ஓடத் தொடங்கிய பின் 600 கிராம். இதுவே நல்லதல்ல, ஆனால் 5எக்ஸ் தாங்கியிருக்கும்.

அப்புறம்தான் அன்றைக்குக் காலையில் ரீல் எங்கே இருந்தது என்ற நினைப்பு வந்தது. ராத்திரி முழுக்க ஜீப்பின் பின்சீட்டில், வெளியே. அதனால் ரீலை இரவு வாசல் திண்ணையில் வைத்தேன். விடியற்காலையில் வெப்பமானி 3 டிகிரி காட்டியது. அங்கேயே நின்று இழுத்தேன். தராசு முள் ஏறிக்கொண்டே போனது. 1600 கிராமில்தான் ஸ்பூல் ‘டொக்’ என்று விட்டது. உடனே முள் 800-க்கு இறங்கியது. மூன்று முறை செய்தேன், கிட்டத்தட்ட அதே எண்கள்.

2 கிலோ தாங்கும் நரம்பு, முடிச்சால் அதில் ஒரு பங்கு போய்விட்டது. எதிரே 1600 கிராம் இழுப்பு, அதுவும் மெதுவாக இழுத்தபோது. மீன் வெட்டி இழுக்கும்போது இன்னும் மேலே போயிருக்கும். அறுந்ததில் ஆச்சரியம் இல்லை.

பாதி நிரம்பிய ஸ்பூல்

கிரீஸோடு கதை முடியவில்லை. ஸ்பூலில் லைன் சுற்றியிருந்த உயரத்தைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. லைனுக்கு அடியில் பேக்கிங் என்று ஒரு நூல் சுற்றுவோம், பெரும்பாலும் 20 பவுண்டு இழுப்பு தாங்கும் டேக்ரான் நூல். மீன் லைன் முழுவதையும் (சுமார் 27 மீட்டர்) இழுத்துவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் சேமிப்பு அது. மாப்பிள்ளை, ‘நம்ம குளத்துல அவ்வளவு தூரம் எந்த மீன் ஓடப்போகுது’ என்று பேக்கிங்கைக் கொஞ்சமாகச் சுற்றியிருந்தார்.

ஓடப்போவதில்லை என்பது சரி. ஆனால் பேக்கிங்குக்கு இன்னொரு வேலை இருக்கிறது, லைனை ஸ்பூலின் விளிம்புக்குப் பக்கத்தில் தூக்கி வைப்பது. டிராக் கொடுப்பது ஒரு திருகு விசை. அதை நூலில் இழுப்பாக மாற்றுவது ஆரம், அதாவது மையத்திலிருந்து நூல் புறப்படும் தூரம். ஆரம் குறைந்தால் இழுப்பு கூடும். கிணற்று ராட்டினம் சிறியதாக இருந்தால் கயிறு கனமாக இருக்குமே, அதே கணக்கு.

இந்த ஸ்பூல் நிரம்பியிருந்தால் ஆரம் 3.8 சென்டிமீட்டர். மாப்பிள்ளை சுற்றியிருந்தது 2.6. நிரம்பிய ஸ்பூலில் 500 கிராம் இழுப்பு வரும் அதே திருகு நிலையில், இவருடையதில் 730 கிராம் வரும். மீன் ஓடி ஆரம் 2 சென்டிமீட்டருக்கு இறங்கினால் 950. திருகை யாரும் தொடவில்லை, இழுப்பு மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது.

சுற்றி எடுப்பதிலும் நஷ்டம். வழக்கமான ஃப்ளை ரீலில் பல்சக்கரப் பெருக்கம் கிடையாது. கைப்பிடி ஒரு சுற்று, ஸ்பூலும் ஒரு சுற்று. 3.8 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு சுற்றுக்கு 24 சென்டிமீட்டர் நூல் வரும், 2.6-இல் 16 சென்டிமீட்டர்தான். பத்து மீட்டர் நூலை எடுக்க முதலாவதில் 42 சுற்று, இரண்டாவதில் 61 சுற்று. மீன் நம்மை நோக்கி ஓடிவரும்போது அந்த இருபது சுற்று பெரிய வித்தியாசம். பெரிய நடுத்தண்டு வைத்த லார்ஜ் ஆர்பர் ரீல்கள் இத்தனை விரும்பப்படுவதற்குக் காரணம் இதுதான்: நூல் எப்போதும் பெரிய வட்டத்திலேயே இருக்கும், ஓடும்போது ஆரம் அதிகம் குறையாது, சுருளும் பெரிதாக விழுவதால் குளிரில் லைன் ஸ்பிரிங் மாதிரி நிற்காது.

கழுவிய பின்

தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நிழலில் காயவைத்தேன். பேரிங்குக்கு மட்டும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். லைன் விளிம்புக்கு 5 மில்லிமீட்டர் கீழே வந்து நிற்கும்படி பேக்கிங்கை நிரப்பினேன். மறுபடியும் திண்ணை, மறுபடியும் விடியற்காலை. 500 கிராமுக்கு வைத்த டிராக் 580-இல் அசைந்து 500-இல் ஓடியது.

சரி, அப்படியானால் புது ரீலே வேண்டாமே என்று நானும் ஒரு நாள் முழுக்க நினைத்தேன். ஆனால் கழுவிப் போக்க முடியாத இரண்டு குறை அதில் இருந்தது. ஒன்று, கிளட்ச். சுற்றி எடுக்கும் பக்கம் ஸ்பூல் தடையில்லாமல் சுழல வேண்டும், மீன் இழுக்கும் பக்கம் டிராக் பிடிக்க வேண்டும். அதற்காக உள்ளே ஒருவழி கிளட்ச் இருக்கிறது. இந்த ரீலில் அது உடனே பிடிக்கவில்லை. விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் சும்மா ஆடி, பிறகு ‘டொக்’ என்று பிடித்தது. அந்த ஆட்டம் மீனின் வேகத்தோடு சேர்ந்து ஒரு வெட்டாக நூலில் இறங்கும். இரண்டாவது, உடல். அச்சில் வார்த்த அலுமினியம். கையால் அழுத்தினால் ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி ஒரு பக்கம் விரிந்தது. டிப்பெட் அதற்குள் போய் மாட்டிக்கொள்ளப் போதும். ஏற்கெனவே ஒரு தடவை மாட்டிய நரம்பின் துண்டு உள்ளேயே இருந்தது.

மாப்பிள்ளையிடம் சொன்னேன்: “இத உதிரியா வச்சுக்கங்க. புதுசு வாங்கலாம். ஆனா விலையப் பாத்து வாங்க வேண்டாம், தண்ணி பாட்டிலத் தொங்கவிட்டுப் பாத்து வாங்குவோம்.”

தாத்தாவின் ரீல்

புதுசு பார்ப்பதற்கு முன்னால் வீட்டுப் பெட்டியில் இருந்த ஒரு பழைய ரீலை எடுத்து இரண்டு பேரும் பார்த்தோம். இதை எழுதாமல் போக எனக்கு மனமில்லை.

எங்கள் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். கொழுந்து எடைக்கு நின்றார், பிறகு வாட்சர் ஆனார். துரைமார் மீன் பிடிக்கப் போகும்போது ராடு பையைச் சுமப்பது அவர் வேலை. இந்த மலைத் தண்ணீரில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள்தான். ஆனைமுடி சரிவிலிருந்து இறங்கும் ஓடைகள் குளிர்ந்து, காற்றோட்டமாக இருந்ததால் மீன் பிழைத்தது. தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடானால் ட்ரவுட் திணறும். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்த ரீல். பித்தளையும் அலுமினியமும் கலந்த உடல், உள்ளே டிராக் தட்டு எதுவும் கிடையாது. ஒரு பல்சக்கரம், அதன் மேல் ஸ்பிரிங் அழுத்தும் ஒரு நாக்கு. ‘கிர்ர்ர்’ என்று சத்தம் போடும் கிளிக் ரீல்.

இந்த வகைக்கு வயது நிறைய. அமெரிக்காவில் சார்லஸ் ஆர்விஸ் துளையிட்ட பக்கங்கள் கொண்ட ரீலுக்குக் காப்புரிமை பெற்றது 1874-இல். இங்கிலாந்தின் ஆல்னிக்கில் ஹார்டி நிறுவனத்தார் பெர்ஃபெக்ட் என்ற ரீலை 1891-இல் விற்க ஆரம்பித்தார்கள். நிமிர்ந்த ஒல்லி ஸ்பூல், லைன் காய்வதற்குத் துளைகள் என்று இன்றைய ரீல்களின் உருவம் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது.

தாத்தாவின் ரீலைத் தராசில் மாட்டினேன். அசைய 160 கிராம், ஓட 150 கிராம். முள் ஏறவும் இல்லை, குதிக்கவும் இல்லை. மாப்பிள்ளை நம்பாமல் தானே ஒருமுறை இழுத்தார். “இது எவ்வளவு வருஷம் மச்சான்?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்து நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வீட்டில் இருக்கிறது. பிரேக் பலம் என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. மீதி இழுப்பை விரலால் விளிம்பைத் தடவிக் கொடுக்க வேண்டும். ஆனால் அது தொடங்கும் விதம் அவ்வளவு மென்மை. நல்ல ரீல் என்றால் எது என்பதை மாப்பிள்ளையின் கைக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த ரீல்தான்.

மூன்று ரீல், ஒரு தண்ணீர் பாட்டில்

மூன்று ரீல்களை ஒரே நாளில் வைத்துப் பார்க்க முடிந்தது. ஒன்று கொச்சிக் கடையிலிருந்து, பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்று வாங்கி வந்தது. ஒன்று தபாலில் வந்தது. ஒன்று நண்பர் ஒருவருடையது. யார் செய்தது என்பதை விட்டுவிட்டு, எப்படி நடந்துகொண்டது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பரீட்சை எளியது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அதாவது அரைக் கிலோ. 5எக்ஸின் 2 கிலோவில் கால் பங்கு. டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம், அதனால் இந்தப் பாட்டில் சரியான அளவு. ராடு இல்லாமல், ரீலைத் திண்ணைத் தூணில் கட்டி, லைனில் பாட்டிலைத் தொங்கவிட்டேன். பாட்டில் மெதுவாக இறங்கும்வரை டிராக்கைத் தளர்த்த வேண்டும். பிறகு கையால் நிறுத்தி, ஸ்பூலை ஒரு நிமிடம் சும்மா விட்டு, பாட்டிலை மறுபடி விட வேண்டும். நல்ல ரீலில் பாட்டில் தானாகவே, அதே வேகத்தில் இறங்கத் தொடங்கும். மோசமான ரீலில் அப்படியே தொங்கும். ஒரு தட்டுத் தட்டினால் தடதடவென்று தரைக்கு வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் நம் நரம்பை அறுப்பது.

கொச்சியிலிருந்து வந்தது மூன்றிலும் விலை அதிகம். கடல் மீனுக்கானது, 8 எண் லைனுக்கு. கெட்டி அலுமினியத்தில் கடைந்த உடல், டிராக் முழுக்க மூடி சீல் செய்தது. கையில் எடுத்தாலே மரியாதை வரும் வேலைப்பாடு. ஆனால் நமக்கு வேண்டிய அரைக் கிலோ இழுப்பு அதன் திருகில் முதல் கால் சுற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. கொஞ்சம் திருப்பினால் 300 கிராம், இன்னும் கொஞ்சம் திருப்பினால் 800. பல கிலோ பிடிக்கச் செய்த பிரேக்கில் ட்ரவுட்டுக்கான இடம் அவ்வளவு குறுகலாகத்தான் இருக்கும். சீல் வளையமும் தண்டைப் பிடிப்பதால் தொடக்கத்தில் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. எடை 260 கிராம். 9 அடி, 5 எண் ராடில் மாட்டி, கார்க் பிடியின் முன்பகுதியை ஒரு விரலில் நிறுத்தினால் ராடு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தது. சாயங்காலம் வரை வீசினால் மணிக்கட்டு என்ன ஆகும்?

வேம்பநாட்டுக் காயலில் காளாஞ்சி பிடிக்கப் போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். நம்மூரில் கொடுவா என்கிற மீன்தான். உப்புத் தண்ணீருக்கு சீல் வேண்டும், தடித்த அனோடைசிங் பூச்சு வேண்டும், துருப்பிடிக்காத பேரிங் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மூணாறுக் குளத்துக்கு இதில் எதுவும் தேவைப்படவில்லை.

நண்பருடையது புதிதாகச் செய்த கிளிக் ரீல். அழகு. 110 கிராம். எனக்கு வாங்குவதானால் இதைத்தான் வாங்குவேன். ஆனால் மாப்பிள்ளைக்கு விளிம்பில் விரல் கொடுத்துப் பழக்கமில்லை. முதல் ஓட்டத்தில் பயந்து இறுக்கிப் பிடித்துவிடுவார். மறுபடியும் அதே அறுப்பு.

தபாலில் வந்தது நடுத்தர விலை. 140 கிராம், கடைந்த உடல், லார்ஜ் ஆர்பர், கார்பன் தட்டு. முதல் தடவையே பாட்டில் தானாக இறங்கியது. திண்ணையில் ஓர் இரவு வைத்து 4 டிகிரியில் பார்த்தேன்: அசைய 540, ஓட 500. திருகு ஒன்றரைச் சுற்றில் சிறிது சிறிதாகக் கூடியது. ஸ்பூலை விரலால் முன்னும் பின்னும் ஆட்டியபோது கிளட்ச் உடனே பிடித்தது. சட்டத்தை அழுத்தினேன், இடைவெளி மாறவில்லை. ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவே டிப்பெட் நுனியை வேண்டுமென்றே திணித்துப் பார்த்தேன், போகவில்லை. ராடில் மாட்டியபோது விரல் மேல் படுக்கையாக நின்றது. பேக்கிங்கும் லைனும் சுற்றிய பிறகே எடையைப் பார்க்க வேண்டும்; வெறும் ரீலை மாட்டிப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

ஒரே ஒரு சங்கடம். அது வலக்கையால் சுற்றும்படி வந்திருந்தது. மாப்பிள்ளை வலக்கையால் ராடு பிடிப்பவர், இடக்கையால் சுற்ற வேண்டும். கிளட்சை வெளியே எடுத்துத் தலைகீழாகப் போட்டால் மாறிவிடும், ஐந்து நிமிட வேலை. ஆனால் இதைச் செய்யாமல் மாட்டினால் சுற்றும்போது டிராக் பிடிக்கும், மீன் இழுக்கும்போது ஸ்பூல் பிரேக்கே இல்லாமல் பறக்கும். புது ரீல் வாங்குகிற எவரும் முதல் நாளே இதைப் பார்த்துவிட வேண்டும். கிளட்சை மாற்றிய பிறகுதான் பேக்கிங்கையும் லைனையும் சுற்ற வேண்டும், இல்லையென்றால் அத்தனையையும் அவிழ்த்துச் சுற்ற நேரும்.

உதிரி ஸ்பூல் கிடைக்குமா என்று எழுதிக் கேட்டு, கிடைக்கும் என்று பதில் வந்த பிறகே பணம் அனுப்பினோம். மூணாறில் ஜூன் தொடங்கி மழையும் மூட்டமும் மாதக்கணக்கில் விடாது. துணி உறைக்குள் போட்ட ரீல் காயவே காயாது, பூஞ்சை பிடிக்கும். தட்டும் பேரிங்கும் தனியாக வாங்க முடிகிற ரீலாக இருந்தால்தான் இந்த ஊரில் பத்து வருடம் ஓடும்.

பிப்ரவரி

அதே குளம், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அதே கரை. பனி குறைந்திருந்தது, ஆனாலும் காலையில் கை விறைத்தது. மாப்பிள்ளை ஜீப்பிலிருந்து இறங்கியதும் முதலில் செய்தது லைன் நுனியில் பாட்டிலைக் கட்டியதுதான். வாட்சர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பாட்டில் இறங்கியது. அவிழ்த்து வைத்துவிட்டு ஈயைக் கட்டினார்.

பதினொரு மணிக்கு ஒரு மீன் எடுத்தது. போன தடவை பார்த்ததை விடக் கொஞ்சம் சின்னது. தளர்வு நூல் ஓடி முடிந்தது. மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரீல் எந்தத் தயக்கமும் இல்லாமல், அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி சத்தமே இல்லாமல் சுற்ற ஆரம்பித்தது. எட்டு மீட்டர் போயிருக்கும். நின்றது. திரும்பி எங்களை நோக்கி வந்தது, இடக்கையால் வேகவேகமாகச் சுற்றினார், நூல் தளரவில்லை. இரண்டாவது ஓட்டம் நான்கு மீட்டர். மூன்றாவது இரண்டு.

கையை நனைத்துக்கொண்டு மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்தார். பக்கவாட்டில் அந்த ரோஜா நிறக் கோடு, முதுகெல்லாம் மிளகு தெளித்தாற்போலப் புள்ளி. முள்ளை எடுத்துவிட்டு நீரோட்டத்தைப் பார்த்துப் பிடித்தபடி கொஞ்ச நேரம் வைத்திருந்தார். வால் ஒரு தடவை அடித்தது, போய்விட்டது.

மூட்டை கட்டும்போது நான் சொல்லுவதற்கு முன்பே மாப்பிள்ளை டிராக் திருகை முழுக்கத் தளர்த்தினார். தட்டுகள் அழுந்தியபடியே கிடந்தால் அடுத்த தடவை ஒட்டிக்கொள்ளும் என்று வாட்சர் அண்ணனுக்கு விளக்கிக்கொண்டே, ஸ்பூலைக் கழற்றி ஒரு பழைய வேட்டித் துண்டால் துடைத்து, வெயில் படும் பாறை மேல் காய வைத்தார்.